ஆறு இடங்கள்

ஞாயிறு காலை ஆறரை,
சைதாப்பேட்டை ரயில் நிலைய வாசல்.
பணம் கட்டியவர் ஒன்பது, வந்தவர் ஏழு.
என் கையில் நீலக்குடை, மழைக்கு அல்ல,
கூட்டத்தில் நான் தொலைந்துவிடாமல் இருக்க.
தலைக்கு முன்னூறு, காபி உட்பட.
நோட்டீஸில் அச்சடித்திருக்கிறேன்:
'பாரம்பரிய நடை. ஆறு இடங்கள். இரண்டரை மணி நேரம்.'

ஊர்ப் பெயருக்கு என்னிடம் மூன்று கதைகள்.
வந்திருக்கும் முகங்களைப் பார்த்து
ஒன்றை எடுத்து விடுவேன்.
காரணீசுவரர் கோயில் குளத்தில்
யாரோ படிக்கட்டில் காயவைத்திருந்த புடவையை
விலக்கச் சொல்ல எனக்கு உரிமையில்லை,
ஆகவே அதையும் வரலாற்றில் சேர்த்துக்கொண்டேன்.
மார்க்கெட் சந்தில் ஒருவர்
கத்தரிக்காய் விலை கேட்டுப் பின்தங்கினார்.

பாலத்து முனையில் அந்தக் கல்.
ஆர்மீனிய வணிகர் ஒருவர் தன் காசில்
பாலம் கட்டிய செய்தி, மூன்று மொழிகளில்.
மூன்றில் ஒன்றும் எனக்குத் தெரியாது,
மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன்.
அந்தப் பாலம் இப்போது இல்லை.
கட்டினேன் என்ற சொல் மட்டும் நிற்கிறது.
இந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள்,
அதற்கென்றே ஒரு நொடி நிறுத்துவேன்.

அயர்லாந்துக்காரர் டெக்லன் சிரிக்கவில்லை.
அவர் ஊரும் ஆற்றோரம்தானாம், சின்ன ஊர்:
ஒரு பழைய மாவு ஆலை, ஒற்றை அறை மியூசியம்,
அன்னங்களுக்கு ரொட்டி போடாதீர் என்று ஒரு பலகை.
பார்க்க வருகிற யாரும்
முதலில் தண்ணீர்ப் பக்கம்தான் இறங்குவார்களாம்.
'இங்கே எப்படி இறங்குவது?'

எட்டு மாதம், முப்பத்தொரு ஞாயிறு.
கழிவறை எங்கே என்று கேட்டிருக்கிறார்கள்,
பிரியாணி எங்கே என்று கேட்டிருக்கிறார்கள்,
இதை ஒருவரும் கேட்டதில்லை.
வேலி, அப்புறம் தகரம், அப்புறம்
அத்துமீறி நுழையாதே.
குடையைக் கை மாற்றினேன்.

'அந்த மூணாவது தூணுக்கு நேரா'
என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.
தெய்வயானை. பதிவேட்டில் ஐந்தாவது பெயர்.
பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவர்,
காலையிலிருந்து ஒரு போட்டோகூட எடுக்காதவர்.
'தகரத்துக்குப் பின்னாடி ஒம்போது படி.
சிமெண்ட் மூட்டை நாங்களே தூக்கினது.
நாலாவது படி வரைக்கும் எப்பவும் ஈரம்.
அதுக்கு மேல எங்க வீடு,
கதவு நம்பர் நாப்பத்தொண்ணு பார் ஏழு.
இப்ப அங்க புல்லு வச்சிருக்காங்க.'

டெக்லனுக்காக மொழிபெயர்த்தேன்,
'பார் ஏழு' வந்ததும் தடுமாறினேன்.
அவர் தூண்களை எண்ணினார்.
மற்றவர்களும் எண்ணினார்கள்.
கீழே ஆறு தன் நாற்றத்தோடு,
ஆகாயத்தாமரைப் பச்சையோடு,
ஒரே ஒரு கொக்கை ஏந்தியபடி
கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது, அல்லது
போவதுபோல் நின்றுகொண்டிருந்தது.

'நீங்க ஏன் காசு கட்டி...' என்று இழுத்தேன்.
'சும்மா வந்து நின்னா வாட்ச்மேன் விரட்டுறான்.
உன் குடைக்குப் பின்னாடி நின்னா
விரட்ட மாட்டான்ல.'

அப்புறம் சின்னமலை.
குகை, தோமையார் கைத்தடம், வற்றாத ஊற்று.
நான் சொன்னது எனக்கே தூரத்தில் கேட்டது.
காபி குடிக்கும்போது முன்னூறை மடித்து நீட்டினேன்.
பையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டார்.

இரவு கருத்துப் படிவங்களைப் பிரித்தேன்.
டெக்லன்: காபி மிகச் சிறப்பு.
ஒருவர்: செருப்பு பற்றி முன்பே சொல்லியிருக்கலாம்.
தெய்வயானை, பென்சிலில், அழுத்தி எழுதியது:
'அஞ்சுக்கு நாலு மார்க்.
நோட்டீஸ்ல ஆறுன்னு போட்டிருக்கீங்க.
அதை மட்டும் காட்டலை.
அடுத்த வாரத்துக்கும் என் பேர் எழுதிக்கோங்க.'