இருபத்தேழாம் நிமிடம்

ஜூன் கடைசியில்
அரில்யே சரிவுகளிலிருந்து சாச்சக் நகருக்கு
நாலு கிலோ ராஸ்பெர்ரி வந்தது.
பிழிந்தோம், வடித்தோம், சுண்டவைத்தோம்.
மிஞ்சியது ஒரு மிடறுக்கும் காணாது.

அதில் ஊசிமுனையளவு உள்ளே போகும்.
முப்பது மீட்டர் சுருள், மயிரிழைத் துளை.
கும்பலாய் நுழைந்தவை
வெவ்வேறு நேரத்தில் வெளியே வரும்.
கடைசியில் வழி இரண்டாகப் பிரியும்:
ஒன்று தீச்சுடருக்கு,
மற்றது நெவென்காவின் மூக்குக்கு.

கண்ணாடிக் கூம்பில் முகம், கட்டைவிரலடியில் பொத்தான்.
மூக்கு வறளாதிருக்கக் கூடவே ஈரக்காற்று.
ஆறு. அறுத்த புல்.
பதின்மூன்று. காளான், மண்ணோடு பிடுங்கியது.
இருபத்துநாலு. வெந்த ஆப்பிள், அடியில் தேன்.
இருபத்தொன்பது. பாகு, தீய்வதற்குச் சற்று முன்.

படம் வரைவது என் வேலை.
சுடர் சொன்னது மேலே, மூக்குகள் சொன்னது கீழே.
பதினாறில் சுடர் ஒரு மலையையே எழுப்பியிருந்தது.
அங்கே யாரும் வாய் திறக்கவில்லை.
இருபத்தேழில் சுடருக்குத் தட்டைக் கோடு.
அங்கேதான் ராதென்கோ
ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொள்வான்.

பிறகு நீர்க்கவைத்தோம்,
பால்காரனே வெட்கப்படும் அளவுக்கு.
பாதி, பாதியில் பாதி, அதிலும் பாதி.
பதினாறு மடங்கில் காளான் ஒழிந்தது.
அறுபத்துநாலில் புல்.
இருநூற்று ஐம்பத்தாறில் பாகு.
ஆப்பிள் ஐநூற்றுப் பன்னிரண்டு வரை தாக்குப்பிடித்தது.
ஈராயிரத்து நாற்பத்தெட்டில்,
சாறு என்று சொல்லவே கூச்சமாயிருந்த அந்தத் தெளிவில்,
விதோசவா சொன்னாள்: வயலட் பூ.

எவ்வளவு நேரம் தாங்கியதோ அவ்வளவு உயரக் கம்பம்.
வயலட்டின் கம்பம் தாளைத் தாண்டியது.
நெவென்காவின் தாளில்
அந்த இடத்தில் புள்ளிகூட இல்லை.

தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.
மறுநாள் காலையில் வைத்தோம், காபிக்கு முன்.
அளவை மாற்றி, சொல்லாமல் வைத்தோம்.
கடைசியில் அந்தச் சரக்கையே தனியாய்
காகிதத் துண்டில் தொட்டு நீட்டினான் ராதென்கோ.
முகர்ந்தாள்.
காகிதம், என்றாள்.

பிறவியிலேயே அப்படி. சிலருக்கு
அந்த ஒரு கதவு மட்டும் சுவர்.
சிரித்தாள்: அப்படியானால்
மார்ச் எட்டுதோறும் ஸ்லாவோல்யுப் வாங்கித்தருகிற
அந்த விலையுயர்ந்த சோப்பு
நுரைக்கு மட்டும்தானா?

அப்புறம் சிரிக்கவில்லை.
பத்து வயதிலிருந்து அவள் கை
ராஸ்பெர்ரி பறித்துச் சிவந்த கை.
இத்தனை வருஷமாய்
நான் எந்தப் பழத்தைத் தின்றேன்?

சராசரியைக் கெடுக்கிறாள், விட்டுவிடு என்றது மேலிடம்.
வாங்குகிறவர்களுக்கு ஒரே படம் போதும்.
நான் இரண்டு சிலந்திவலை வரைந்தேன்.
மூன்று மூக்குகளின் வலை மேல்பக்கம் இழுத்துக்கொண்டு நின்றது.
அவளுடையதில் ஒரு இழை நடுவிலேயே அறுந்து,
புல்லும் புளிப்பும் பெரிதாய்ப் பிதுங்கின.
மோசமான பழமாய்த் தெரியவில்லை அது.
வேறு பழம், அவ்வளவுதான்.

மேலே போனது ஒன்றுதான். மற்றதை
நாலாய் மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை
வீட்டுத் தோட்டத்திலிருந்து ஒரு கிண்ணம் கொண்டுவந்து
தராசுக்குப் பக்கத்தில் வைத்தாள்.
தின்னுங்கள். தின்றுகொண்டே சொல்லுங்கள், எப்படியிருக்கும்?

வயலட், என்றான் ராதென்கோ.
வயலட் எப்படியிருக்கும்?
பௌடர் மாதிரி, விதோசவா சொன்னாள்,
அத்தைமார் கைப்பையைத் திறந்தால் வருமே.
எனக்கு அத்தைமார் இருக்கிறார்கள். மேலே சொல்.
ஊதா, என்றேன் நான்,
உளறுகிறேன் என்று தெரிந்தே.

கேட்பதை விட்டுவிட்டாள்.
பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டு
எங்கள் முகங்களைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.
நான் ஒரு பழத்தை மேலண்ணத்தில் நசுக்கினேன்.
எப்போது என் முகம் மாறியதோ,
டிக் என்று அழுத்தினாள்.