சுண்ணாம்பில் வை

ஓடென்சேயில் இடித்த ஆஸ்பத்திரி
லாரி லாரியாய் எங்கள் கொட்டகைக்கு வருகிறது.
கிழக்குக் கட்டடம் சுண்ணாம்புக் காரை;
ஒரு தட்டு,
கல் முழுசாய்க் கையோடு வந்துவிடும்.
மேற்கே சிமெண்ட்.
பிடித்த பிடியை விடாது,
விடுவிக்கப் போனால் கல்லே பிளக்கிறது.
நேற்று நானூறு போயிற்று,
இனி ஜல்லிக்குத்தான்.

வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு வந்த ஆஸ்கெர்
"புதுப் பள்ளிக்கூடம், நூறு வருஷம் அசையாது" என்றான்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
"நூற்றியோராவது வருஷம் என்ன செய்யும்?"

அவன் பதில் தேடிய நேரத்தில்
நான் ஒரு கல்லைத் துடைத்தேன்:
சூளைக்குப் போகுமுன், ஈரமாய்க் கிடந்தபோது
ஏதோ ஒரு நாய் குறுக்கே ஓடியிருக்கிறது.
நாலு விரல், நகத்தோடு.

"இதை வாசலில் வைக்கட்டுமா?"

வை.
சுண்ணாம்பில் வை.
இன்னும் எங்கேயோ போகிற அவசரம் அதற்கு.