நண்டு

தடைக்காலம்.
ஐஸ் ஓடாத பிளாண்டின் மாடியில் நாலு பேர்,
மூலைக்கொரு ஈயக்குண்டு வைத்து விரித்த வரைபடம்,
இருபது முகப் பகடை ஒன்று.

ஒன்று விழுந்தால் எங்களுக்கு அது நண்டு.
முதல் ஆட்டத்தில் அரக்கனை வெட்டப் பாய்ந்த இன்னாசி
சறுக்கியது நண்டு மேல்தான்.
மலை உச்சியில் நண்டை வைத்தவன் நான்.
ஏனென்று கேட்காதீர்கள்.
ஓடித் தப்பினால் உச்சிப்புளி.
அதற்கும் ஒரு காரணம் இருந்தது, மறந்துவிட்டது.

பிறகு வார்த்தை மாடியை விட்டு இறங்கிற்று.
நிவாரணப் பணம் ஏறாத அன்று, நண்டு.
பெண் பார்த்துவிட்டு மண்டபம் திரும்பிய ஜெரோன்
வாயே திறக்கவில்லை,
இரண்டு விரலால் கவ்விக் காட்டினான்.
டீக்கடையில் சிரித்த சிரிப்பில்
கடைக்காரருக்குக் கோபம்.

கஸ்ஸாலியின் தங்கை ருமைசா
மூன்று வாரமாக ஒன்றும் விளங்காமல் ஆடினாள்.
விளக்கிப் பார்த்தோம்.
விளக்கியதில் எங்களுக்கே சிரிப்பு வரவில்லை.

நேற்று உருட்டினாள்.
இருபது.
"நண்டுதானே?" என்றாள், அவ்வளவு ஆசையாக.

வரைபடத்தின் ஒரு நுனி
காற்றில் அடித்துக்கொண்டது.
இன்னாசி எழுந்து நின்று,
"நண்டேதான்."

இனி ஒன்றுக்கு
வேறு பெயர் பார்க்க வேண்டும்.