கை மட்டும்

பனி போடும் இயந்திரத்தை
லாரியில் ஏற்றிக்கொண்டு
கோத்தகிரிக்கு வந்தார்கள்.
நாலு மணிக்கு நிஜப் பனி ஏறிவந்து
கேமராவையே காணாமலாக்கியது.

நூற்றைம்பது வருஷத்துப் பிரெஞ்சு நாவல்,
டிவிக்கு நான்கு பாகம்.
அரவேணு பங்களா
ஏதோ ஒரு பிரெஞ்சுச் சிற்றூர் ஆகியிருந்தது.
சில்வர் ஓக் மரங்கள் மட்டும்
ஃபிரேமில் விழாமல் பார்த்துக்கொண்டார்கள்.

நாயகிக்குக் கடிதம் எழுத வரவில்லை.
மும்பைக்காரி, கீபோர்டில் வளர்ந்த விரல்.
தேயிலை ஃபாக்டரியில் எடைக்கணக்கு எழுதும் என்னை
யாரோ கைகாட்டிவிட,
போய் உட்கார்ந்தேன்.
பாய்லர் சுட்ட தழும்பைப்
பவுடர் குழைத்து மறைத்தார்கள்.
முழங்கைக்குக் கீழே லேஸ் வைத்த சீமாட்டி,
மேலே ஸ்வெட்டர் போட்ட ருக்கி.

அந்த பாஷை எனக்குத் தெரியாது.
கோலம் பார்த்துப் போடுவதுபோல் போட்டேன்.
எழுத்துகளின் தலைமேல் வரும் சின்னக் கோடுகளைக்
கடைசியில் ஒவ்வொன்றாகக் கிள்ளி வைத்தேன்.

முதல் தடவை கை நடுங்கியது.
கட்.
மை சொட்டியது. கட்.
மெழுகுவர்த்தி அணைந்தது. கட்.
பதினெட்டாவது தடவை நடுங்கவில்லை.
இரண்டாயிரம் ரூபாய் தந்தார்கள்.
என்ன எழுதினேன் என்று
கேட்கத் தோன்றவில்லை.
வீட்டிலும் சொல்லவில்லை.

ஆறு மாசம் கழித்து
தமிழ் பேசிக்கொண்டு வந்தாள் அவள்
எங்கள் வீட்டு டிவிக்கு.
மூன்றாம் பாகம் முடிகிற இடத்தில்
என் கை.
அதன்மேல் எவளோ ஒருத்தியின் குரல்:

'குழந்தைகளின் கம்பளிச் சட்டை
மேல்தட்டில் இருக்கிறது.
சாவி பூத்தொட்டிக்குள்.
நான் திரும்பி வரமாட்டேன்.'

(நாங்கள் மீட்டர் பெட்டிக்கு மேல் வைப்போம்.)

களித்தட்டோடு உட்கார்ந்திருந்த போஜன் சொன்னான்:
கல்நெஞ்சக்காரி.
கைகூட நடுங்கல, பாரு.

இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன்,
தழும்பிருக்கிற கையால்.
பதினெட்டுத் தடவை.
பதினேழு தடவை
சரியில்லை, மறுபடி என்றார்கள்.

மறுநாள் ஃபாக்டரியில் லெட்ஜர்.
போஜன், தகப்பனார் ஹல்லன்.
பச்சை இலை நாற்பத்தொரு கிலோ.
ஈரத்துக்குக் கழிவு இரண்டு.
நிகரம் முப்பத்தொன்பது என்று
எப்போதும்போல் அழகாகத்தான் எழுதினேன்.
ஒன்பதின் வால் மட்டும்
கோட்டைத் தாண்டிப்
பக்கத்துக் கட்டத்துக்குள் போயிருந்தது.