மீட்டர் பெட்டிக்குப் பின்னால் இருந்த ஓலை

பதினோரு ஆண்டு
ஒலிக்கலவை மேசைக்குப் பின்னால் நின்றேன்.
வானகரம் பக்கம், குளிரூட்டிய மண்டபம்,
நாலாயிரம் நாற்காலி.
எந்த வரியில் கைகள் உயரும்,
எந்த இடத்தில் கண்ணீர் வரும் என்று
என் விரல்களுக்குத் தெரியும்.
பேஸை ஒரு கோடு ஏற்றினால்
பின்வரிசையும் எழுந்துவிடும்.

அவர்கள் அழுதது பொய்யில்லை.
நான் அழாததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அப்புறம் வலது காதில் அந்த ரீங்காரம்.
குக்கர் விசிலடிப்பதற்கு முந்தைய நொடி
நாள் முழுக்க நீள்வதுபோல.
சத்தத்தை விடுங்கள் என்றார் டாக்டர்.
விட்டேன்.
கூடவே ஜெபமும் போயிற்று.
யாராவது கீபோர்டு வாசித்தால்தான்
நிற்கத் தெரிந்த ஜெபம் அது.

ராயபுரத்தில் வாடகைக்கு இரண்டாம் மாடி.
மாசியில் ஓர் இரவு ஃபியூஸ் போனது.
மீட்டர் பெட்டிக்குப் பின்னால் கைவிட்டுத் துழாவினால்
குருத்தோலைச் சிலுவை,
மூன்று விரல் நீளம்,
பல்லி முட்டையின் ஓடு ஒட்டிக்கொண்டு.
எனக்கு முன் குடியிருந்தவர் செருகியது.
அவர் பெயருக்கு இன்னும் எல்ஐசி கடிதம் வருகிறது:
ம. இன்னாசிமுத்து.
எங்கே போனாரென்று வீட்டுக்காரருக்கும் தெரியாது.

குப்பையில் போட மனசு வரவில்லை.
இரண்டு தெரு தள்ளி இருக்கும் கோயிலில்
பழைய ஓலைகளுக்கென்று
பிஸ்கட் அட்டைப்பெட்டி வைத்திருந்தார்கள்.
"பேரு எழுதணுமா?"
கோயில்பிள்ளை சூசைநாதன் நிமிரவில்லை.
"ஓலைக்கு எதுக்குங்க பேரு."

பெயிண்ட் டப்பாவில் போட்டு எரித்தார்கள்.
தீ பட்டதும் ஒவ்வொன்றும் சுருண்டு
முஷ்டிபோல மூடி
பிறகு மெல்லத் திறந்தது.

சுற்றி நின்றவர்கள் ஐம்பத்து மூன்று மணி
ஆரம்பித்தார்கள். மைக் இல்லை.
மீன் ஏலம் முடித்துவந்த குரல்கள்,
சுருதி என்று ஒன்று கிடையாது.
பன்னிரண்டு வயதில் நான் விட்ட
பிரியதத்த மந்திரம்
பாதியில் எனக்கு மறந்துபோனது.
அவர்கள் நிற்கவில்லை.
ஓடுகிற பஸ்ஸின் படியில் தொற்றுவதுபோல
அடுத்த சொல்லில் ஏறிக்கொண்டேன்.
நான் நம்புகிறேனா இல்லையா என்று
யாரும் கேட்கவில்லை.
என் சொந்த வார்த்தை ஒன்றுகூடத் தேவைப்படவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிப் பூசை.
நீ மண் என்று சொல்லி
நெற்றியில் கட்டைவிரலை அழுத்தினார் சாமியார்.
எந்த மண்?
இங்கே பாதி கடல் மணல்,
மீதி இடித்த வீடுகளின் செங்கல் பொடி.
அதுவாகவே இருக்கட்டும்.

ரிச்சி தெருவில் இப்போது கேபிள் விற்கிறேன்.
பக்கத்துக் கடை கோதண்டம் எட்டிப் பார்த்தார்.
"என்ன சார், உங்களுக்கும் விபூதியா?"
"திருநீற்றுப் புதன்."
"எந்தக் கோயில்ல குடுத்தாங்க?"
என்ன சொல்வது.
"இன்னாசிமுத்துன்னு ஒருத்தர்," என்றேன்.

ரீங்காரம் நிற்கவில்லை, சொல்லிவிடுகிறேன்.
ஒருசந்தி என்பதால்
பதினோரு மணி டீயை வேண்டாமென்றேன்.
பன்னிரண்டரைக்குப் பசித்தது.
யாரும் ஏற்றி வைக்காமல்,
எந்த வாசிப்பும் இல்லாமல்,
தானாக.