அறுபது நானோநொடி தள்ளி

டங்ஸ்டன் கம்பி மூன்றாவது முறையும் உருகிவிட்டது.
தலைமுடியைவிட மெலிசு.
கற்றையின் குறுக்கே ஒரு தடவை போய்வரச் சொன்னோம்.
போனது. வரவில்லை.

சேதராப்பட்டு ஷெட்டில் இரவு பதினொன்றே கால்.
ஒன்றரை மீட்டர் கான்கிரீட்டுக்கு அந்தப் பக்கம்
புரோட்டான்கள்.
"தொட முடியாததைத்
தள்ளி நின்னுதான் பாக்கணும்" என்கிறாள் அமலோற்பவம்,
மோர்மிளகாயைக் கடித்தபடி.

குழாயின் வெற்றிடத்தில்
நைட்ரஜன் விட்டோம், இருக்கிறதா என்று சந்தேகப்படும் அளவுக்கு.
அடிபட்ட மூலக்கூறு
அடிபட்டேன் என்கிறது, நீலத்தில்.
பக்கவாட்டுச் சன்னலில் கேமரா அதை எழுதிக்கொள்கிறது.

திரையில் ஒரு மேடு.
அகலம் ஆறு மில்லிமீட்டர்.
கணக்குப்படி நான்குதான் வர வேண்டும்.

லென்ஸைத் துடைத்தோம்.
கேமராவைத் திட்டினோம், பிறகு மின்துறையை.
கடைசியில் அவள்தான் சொன்னாள்:
"அடிபட்ட இடத்துலயே அது ஒளிர்றதில்லடி.
அறுபது நானோநொடி ஆவுது.
அதுக்குள்ள அடிச்ச கற்றையே
அத ஓரமாத் தள்ளிவுட்டுடுது.
அங்க போய்தான் ஒளிருது."

பேனாவை மூடினேன்.

கோரிமேட்டு ஆஸ்பத்திரியில்
அண்ணன் போய்விட்டதைச் சொன்னபோது
மூன்று இடத்தில் கையெழுத்திட்டேன்.
கேன்டீன் பாக்கி முப்பத்தெட்டு ரூபாய்,
சில்லறையாகவே கொடுத்தேன்.
வாட்ச்மேனிடம் பாஸைத் திருப்பித் தந்தேன்.

பன்னிரண்டு நாள் கழித்து
ரெட்டியார்பாளையத்தில், பஸ் சன்னலுக்கு வெளியே,
ஒரு செருப்புக்கடை அட்டை:
பத்தாம் நம்பர் மட்டும் பாதி விலை.
அங்கே அழுதேன்.

பக்கத்து சீட்டுக்காரர்
வெங்காய மூட்டையைக் காலால் நகர்த்திக்கொண்டு
"கண்ணுல தூசியாம்மா?" என்றார்.
அவர் பார்த்ததை வைத்துப் படம் வரைந்தால்
என் துக்கத்தின் மையம்
செருப்புக்கடை வாசலில் விழும்.

"எவ்ளோ கழிக்கிறது?" என்று கேட்டேன்.
"குத்துமதிப்பா எதையும் கழிக்காத" என்றாள்.

விடிகாலை மூன்றுக்கு வாயுவை மாற்றினோம்.
செனான். கனம்;
தள்ளினாலும் லேசில் நகராது.
வெளிச்சம் மங்கல்,
இருபது நிமிடம் சேர்த்துச் சேர்த்துத்தான்
மேடு எழும்பியது.
நான்கு புள்ளி மூன்று.

நோட்டில் எழுதித் தேதி போட்டேன்.
அதற்குக் கீழே
'பத்து' என்றிருக்கிறது, என் கையெழுத்தில்.
அடிக்கவில்லை.

அமலோற்பவம் பார்த்தாள்.
அலகு எங்கே என்று
எல்லாரையும் கேட்கிறவள்,
சிலிண்டரை மூடப் போனாள்.