வாளி

கச்சேரியிலிருந்து வரைபடம் வந்துவிட்டது என்றார்கள்.
திறந்தால்
நாலாய் மடித்த தாளொன்றை மேசையில் விரித்து
யாரோ போனில் எடுத்த படம்.
ஓரம் சுருளாமல் அழுத்திய பெருவிரலும் விழுந்திருந்தது,
நெடுந்தீவுக்கு மேற்கே, கடலில்,
ஊரே இல்லாத ஒரு தீவாய்.

"வெறும் படம் வேணும், நிரோஜினி" என்றார் ஞானேந்திரா.
"பேர் வேண்டாம். நிறம் வேண்டாம்.
ராத்திரி முடிவு வர வர
ஒரு தட்டிலை ஒரு வட்டாரம் நிரம்பவேணும்.
போனமுறை மாதிரி விடிய விடிய
கலர்ப் பென்சிலோடை இருக்கேலாது."

மூன்று இரவு.
புள்ளி வைத்து, இழுத்து, வளைத்து, மூடி.
பெருவிரலை அழித்தேன். அந்த வேகத்தில்
எழுவைதீவையும் அழித்திருக்கிறேன்.
அச்சுப் பகுதியிலிருந்து தண்ணீர் குடிக்க வந்த
மரியதாஸ் அண்ணை
திரையை நெடுநேரம் பார்த்துவிட்டு
"பிள்ளை, என்னை எங்கை விட்டனீர்?" என்றார்.

சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம்
எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கிறது.
ஊதாவை இந்தமுறை ஒருவரும் கேட்கவில்லை.
ஆகவே ஊதாவால் ஒத்திகை.

வாளிப் படத்தைத் தொட்டு
கோண்டாவிலில் ஒரு தட்டு.
ஊதா நிற்கவில்லை.
கொக்குவிலுக்குள் போய், நல்லூரைத் தாண்டி,
நாவற்குழிப் பாலத்தடியால் கடலில் இறங்கி
ஒரு நொடியில் நெடுந்தீவை வளைத்துக்கொண்டது.
வாக்கு எண்ணாமலே முழு வெற்றி.

எங்கோ எல்லை மூடவில்லை.
பெருப்பித்துப் பெருப்பித்துத் தேடினேன்.
தாளின் மடிப்புப் போன வழியெல்லாம்
மை உதிர்ந்து, கோடுகளின் கழுத்து அறுந்திருந்தது.
ஒவ்வொன்றாய்ச் சேர்த்து வர
கடைசி உடைப்பு
எங்கள் ஒழுங்கையில்.

"ஒழுங்கை நடுவாலை வந்து
பங்குக் கிணத்தடியிலை திரும்பும்" என்றார் கிராம அலுவலர்.
கிணத்துக்கு எந்தப் பக்கத்தாலை?
போனில் ஒரு கொட்டாவி கேட்டது.
"அது நீங்களும் பக்கத்து வீட்டுக்காரரும்
பேசி முடிவெடுங்கோ."

பேசுவதா?
மோட்டர் பூட்டிய வருஷத்தோடு பேச்சு நின்றது.
அவர்களுடைய உறுதியிலும் எங்களுடைய உறுதியிலும்
ஒரே வசனம்: கிணற்றில் பங்கும்
வழிவாய்க்கால் பாத்தியதையும்.
எந்தப் பங்கில் எந்தத் தண்ணீர் என்று
நொத்தாரிசு எழுதவில்லை.
இப்போது பரநிருபசிங்கம் வேட்பாளர் வேறு.
எங்கள் மதிலில் சிரிக்கிறார், பசை காயாமல்.

பத்தரைக்கு, கண் எரிய,
கிணற்றைச் சுற்றி எட்டுப் புள்ளியில்
சிறு வட்டம் ஒன்று போட்டு மூடினேன்.
இரண்டு வட்டாரமும் அதைத் தொட்டுக்கொண்டு நிற்கட்டும்.
உள்ளே எந்த வாளியும் இறங்காது.

முடிவு இரவு. தொலைபேசி, ஆறிய தேநீர், தூறல்.
ஒருவர் வாசிக்க நான் ஊற்ற
பரநிருபசிங்கத்தின் வட்டாரம் வந்தது.
எழுபத்தொரு வாக்கு.
அவருடையதல்லாத நிறத்தை
நானேதான் ஊற்றினேன்.
ஒரு சொட்டும் கசியவில்லை என்று சந்தோஷப்பட்டேன்,
பிறகு கொஞ்சம் வெட்கப்பட்டேன்.

காலையில் முகம் கழுவப் போனால்
அவர் கிணற்றுக் கட்டில், பேப்பரோடு.
"இந்த வெள்ளைப் பொட்டு அச்சுப் பிழையோ?"
"பிழையில்லை. இதுதான்" என்று கட்டைத் தட்டினேன்.
பேப்பரைப் பார்த்தார். எட்டிக்
கீழே தண்ணீரைப் பார்த்தார்.
சவரம் செய்யாத முகம் அசைந்தது அங்கே.

"நிறமில்லாமல் ஒண்டு அடிச்சுத் தரலாமோ?
அடுத்தமுறைக்கு."

பின்னேரம் பெரிய தாளில் அடித்துக் கொடுத்தேன்.
வாங்கிய கை, பழக்கதோஷத்தில்,
இரண்டாய், நாலாய்...
"ஐயோ, மடிக்காதேங்கோ!"